அந்த ஐந்நூறு மட்டும் போதும்

அன்புள்ள ஐயா,

ஒரு பேச்சில் கேட்டது. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவருக்குப் பங்கு தரச் சொல்கிறார்கள். அவர் ஏற்றால் இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்குமே இல்லை. பத்தில் ஒன்று கொடுத்தால் கோபித்து மறுப்பது புரிகிறது. பப்புவா நியூகினியில் பாதிக்கு மேல் கொடுத்தும் சிலர் வேண்டாம் என்றார்களாம். விவரம் போதாத ஜனங்களோ? நியாயம் ஊருக்கு ஊர் மாறுமா?

க., கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

அன்புள்ள க.,

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். “அவங்க நம்ம புள்ள சீருக்கு என்ன வெச்சாங்க?” என்று புரட்டிப் பார்க்காமல் எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பியிருக்கிறோம்?

உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு காதுகுத்து. உறவும் இல்லாத, அதிகப் பழக்கமும் இல்லாத கள்ளுக்கடை கான்ட்ராக்டர் ஒருவர் இருபதாயிரம் வைத்துவிட்டுப் போனார். ராத்திரி கவரைப் பிரித்த பெரியவருக்குத் தூக்கம் போய்விட்டது. “இதை எப்பத் திருப்பி வெக்கறது? நம்ம தோப்பு மரத்துல கண்ணு வெச்சிருக்கான்.” காலையில் அவரே நேரில் போய், ஐந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அவரை யாரும் விவரம் கெட்டவர் என்று சொல்லவில்லை.

நியூகினியின் அவ், க்னாவ் மக்கள் செய்ததும் இதேதான். அங்கே கேட்காமல் வரும் பெரிய கொடை ஒரு கடன். கொடுத்தவர் அவருக்குத் தோதான நேரத்தில் திருப்பிக் கேட்பார். அதுவரை வாங்கியவர் ஒரு படி கீழே.

நீங்கள் கேட்ட அந்தப் பங்கு ஆட்டம் 1982-இல் ஜெர்மனியில் ஆய்வாகத் தொடங்கியது. மானுடவியல் ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிக் இதைப் பெரு நாட்டு மச்சிகெங்கா மக்களிடம் கொண்டுபோனார். அவர்கள் கொடுத்தது சராசரியாக 26 சதவீதம். அநேகமாக யாருமே மறுக்கவில்லை. கொடுக்கும் இடம் தனக்கு வாய்க்காதது துரதிர்ஷ்டம், அதற்காகக் கோபிப்பானேன் என்றார்கள். குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் அவர்களுக்கு, யாரோ ஒருவரிடம் பங்கு எதிர்பார்க்கும் பழக்கமே இல்லை. இந்தோனேசியாவின் லமலேரா மக்களோ பாதிக்கு மேலேயே கொடுத்தார்கள். படகு படகாகக் கூடித் திமிங்கிலம் பிடிப்பவர்கள் அவர்கள். எந்தத் துண்டு யாருக்கு என்பதற்கு அங்கே முறை உண்டு. கூட்டு உழைப்பும் சந்தைப் பழக்கமும் கூடக் கூடப் பங்கும் கூடுகிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. சந்தைக்கு அவ்வளவு பெருமை தர எனக்கு மனம் வரவில்லை. கூட்டு உழைப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஊருக்கு ஊர் என்ன, ஒரே ஆளுக்குள்ளேயே மாறும். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் எழுதியபடி, நம் பக்கத்துக்கு மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். குறைந்தால் மறியலுக்குப் போகிறோம். எழுத்தில் இருக்கிறது, கேட்கிறோம். கூட்டுக் கிணற்றில் சித்தப்பா நம் முறைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் திருடிவிட்டால்? மறியலாவது ஒன்றாவது. அடுத்த பொங்கல் வரை பேச மாட்டோம், அவ்வளவுதான்.