குதிரை பாக்கிற வேலை, ரைடிங் கோச் சேர்டிபிகேற்: உங்கட கேள்வியளுக்குப் பதில்

குதிரை லாய வேலை, கோச்சிங் பற்றி வந்த கேள்வியளுக்கு ஒண்டொண்டா பதில் போடுறன். ஒரே மாதிரி வந்ததுகளை ஒண்டாச் சேர்த்திட்டன்.

கிளிநொச்சித் தம்பி: அக்கா, கட்டாருக்கு குதிரை பாக்கிற வேலைக்கு ஏஜென்ற் கூப்பிடுறார், மூண்டு நாள் கோர்ஸுக்கு காசு கட்டினா சேர்டிபிகேற்றாம். கட்டவோ?

கட்டாதேங்கோ தம்பி. மூண்டு நாளில குதிரைக்குக் கிட்டப் போய் நிக்கத்தான் பழகலாம். அந்த ஏஜென்ற்றுக்கு லைசன்ஸ் இருக்கோ எண்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 அடிச்சுக் கேளுங்கோ. பேப்பர் என்னத்தைச் சொன்னாலும் லாயத்தில முதல் நாளே கயிறு பிடிக்கிற விதத்திலயும் குளம்பு தூக்கிற விதத்திலயும் உங்களை அளந்திடுவினம்.

முல்லைத்தீவுத் தங்கச்சி: கோச் ஆகிறதுக்கு என்ன படிக்கோணும்? பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சரிவருமோ?

வடிவாச் சரிவரும் பிள்ளை, ஒலிம்பிக்கில ஆம்பிளையும் பொம்பிளையும் ஒரே போட்டியில நேருக்கு நேர் மோதுறது இந்த விளையாட்டிலதான். கனபேர் போறது பிரிட்டிஷ் ஹோர்ஸ் சொசைட்டி எண்ட, குதிரைப் பயிற்சிக்குச் சேர்டிபிகேற் குடுக்கிற பிரிட்டன் அமைப்பின்ர வழி, ஸ்டேஜ் 1ல இருந்து 5 வரைக்கும் இருக்கு. முதல் ஸ்டேஜில குதிரைப் பராமரிப்பும் குதிரை ஓட்டமும், ரெண்டாவதிலதான் படிப்பிக்கிறது வரும், கோச் எண்டால் முதலுதவியும் பிள்ளையள் பாதுகாப்புப் பயிற்சியும் வேணும். குதிரை ஓட விருப்பமில்லாட்டி பராமரிப்பு மட்டும் செய்து குறூமா, அதாவது குதிரை பாக்கிற ஆளா, மேல போற வழியும் இருக்கு. கொழும்புப் பக்கம் ரைடிங் ஸ்கூல் ஒண்டில போய் முதல்ல சாணி அள்ளுங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன், குதிரையை விளங்காமல் படிப்பிக்கிற கோச்சால பிள்ளைக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து.

வவுனியா அண்ணை: எங்களிட்ட மாட்டுப்பட்டி இருக்கு, ரெண்டு குதிரை வாங்கிற யோசனை. மாடு பாத்த அனுபவம் காணாதோ?

உதவும் அண்ணை, ஆனா தீனியில அப்பிடியே மாட்டைப் பாத்துச் செய்தியளெண்டால் குதிரை செத்துப்போம். மாட்டுக்கு இரைப்பையில நாலு அறை, அசைபோடும். குதிரைக்கு ஒரே சின்ன இரைப்பை, 8 இல இருந்து 15 லீற்றர்தான் பிடிக்கும், அதோட குதிரையால சத்தியெடுக்கவும் ஏலாது, அதால ஒரேயடியா தவிடும் தானியமும் கொட்டினா வயித்துக்குத்து வந்து உருண்டு பிரண்டு கிடக்கும். நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா புல்லுத் தின்னோணும். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 6 கிலோ காய்ஞ்ச புல்லுக் கணக்கு. வைக்கோலை மட்டும் போட்டா குடல் அடைக்கும். இன்னொண்டு, இதை எல்லாருக்கும் சொல்லுங்கோ: மிஞ்சின கோழித்தீனி, பண்ணைத் தீனி ஒண்டும் குடுக்கக்கூடாது, மொனென்சின் எண்ட மருந்து அதில கலந்திருக்கலாம், கொஞ்சம் போனாலே குதிரையின்ர இதயத்தை அடிச்சுப்போடும். பூஞ்சணம் பிடிச்ச சோளமும் வேண்டாம். எங்கட வெயிலுக்கு தண்ணி எந்த நேரமும் முன்னால இருக்கோணும், 50 லீற்றருக்கு மேலயும் குடிக்கும். சும்மா நிக்கேக்க நாடி நிமிசத்துக்கு 28 – 44, சூடு 38 பாகை செல்சியஸ் கிட்ட, இதை தினமும் ஒரு கொப்பியில எழுதிப் பழகுங்கோ. குளம்பு வெட்ட 6 – 8 கிழமைக்கொருக்கா ஆள் வேணும், அந்த ஆளைக் கண்டுபிடிச்ச பிறகு குதிரையை வாங்குங்கோ.

மன்னார்த் தம்பி: ரவுணில திரியிற கழுதையளில பழகலாமோ?

குளம்பு சுத்தம் பண்ண, கயிறு போட, கிட்டப் போய் நம்பிக்கை எடுக்கப் பழகலாம், நல்ல விசயம். ஆனா கழுதை நோவை மறைக்கும், குதிரை மாதிரி உடன காட்டாது. தின்னாமல் சோர்ந்து நிண்டாலே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கோ.

புதுக்குடியிருப்பு ரீச்சர்: விசேட தேவையுள்ள பிள்ளையளுக்கு குதிரையில ஏத்திற பயிற்சி நல்லதாம், சாதாரண கோச் செய்யலாமோ?

வேண்டாம் ரீச்சர், அதுக்கு வேற சேர்டிபிகேற். அமெரிக்காவில பாத் இன்ரநஷனல் எண்ட அமைப்பு தனியாக் குடுக்குது. குதிரை நடக்கேக்க பிள்ளையின்ர இடுப்பு நாங்கள் நடக்கிற மாதிரியே அசையும், பலன் அதிலதான். குதிரையைப் பிடிக்க ஒராள், தேவையைப் பாத்து ரெண்டு பக்கமும் பிள்ளையைப் பிடிக்க ஆக்கள், டொக்டரின்ர சம்மதம் எல்லாம் வேணும். பிசியோதெரபிஸ்ற் ஒராளையும் சேர்த்துக்கொண்டு யோசியுங்கோ.

மாங்குளம் தம்பி: மோட்டசைக்கிள் ஹெல்மெற் காணுமோ?

காணாது. குதிரை ஓடுற ஹெல்மெற் வேற, அதையும் ஒருக்கா விழுந்து அடிபட்டா மாத்திப்போடோணும்.