ஃபார்முலா சரி, பொருத்தம் தவறு: விலுக்கப் கேள்வி பதில்

எக்செலில் இரண்டு ஷீட்களில் இருக்கும் விவரங்களைப் பொருத்துவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். விலுக்கப் (VLOOKUP) என்பது ஒரு எண்ணையோ பெயரையோ அட்டவணையில் தேடி, அதே வரியில் உள்ள விவரத்தை எடுத்து வரும் ஃபார்முலா. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலானவற்றில் ஃபார்முலாவில் பெரிய குறை இல்லை. எந்த நெடுவரிசையை வைத்துப் பொருத்துகிறோமோ, அங்கேதான் சிக்கல்.

கேள்வி: ஒரு ஷீட்டில் பணியாளர் எண்ணும் பெயரும், இன்னொன்றில் எண்ணும் சம்பளமும் இருக்கின்றன. விலுக்கப் போட்டால் எல்லோருக்கும் ஒரு தொகை வருகிறது, ஆனால் சிலருக்குத் தப்பான தொகை. பிழை எதுவும் காட்டவில்லையே சார்?

பதில்: ஃபார்முலாவின் அடைப்புக்குறிக்குள் நான்காவது இடத்தை விட்டுவிட்டீர்கள். அங்கே ஒன்றும் எழுதாவிட்டால் எக்செல் அதை ‘ட்ரூ’ என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, அதே எண் கிடைக்காவிட்டால் அதைவிடச் சிறியதில் நெருங்கிய எண்ணே போதும் என்று அர்த்தம். பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நடுவிலிருந்து பாதி பாதியாக ஒதுக்கித் தேடும். உங்கள் பட்டியல் வரிசைப்படி இல்லாததால் வேறொருவருடைய வரியில் போய் நின்றுவிட்டது. கடைசியில் ஃபால்ஸ் அல்லது 0 போடுங்கள். சில இடங்களில் #என்/ஏ (#N/A, ‘கிடைக்கவில்லை’ என்ற பிழை) வரும். வரட்டும். ‘இல்லை’ என்று சொல்லும் செல்லை நாம் தேடிப் பார்த்துச் சரிசெய்வோம்; தவறான சம்பளம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். மதிப்பெண்ணுக்கு கிரேடு, வருமானத்துக்கு வரி விகிதம் என்று எல்லைகள் உள்ள அட்டவணைக்கு மட்டும்தான் ட்ரூ, அதுவும் ஏறுவரிசையில் அடுக்கிய பிறகு.

கேள்வி: இரண்டு ஷீட்டிலும் 4175 என்ற எண் கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் #என்/ஏ.

பதில்: ஒன்று எண், மற்றது எண் போலத் தெரியும் எழுத்து. பக்கத்துச் செல்லில், உள்ளே இருப்பது எண்தானா என்று சொல்லும் ஈஸ்நம்பர் (ISNUMBER) போட்டு இரண்டையும் சோதியுங்கள். ஒன்றுக்கு ட்ரூ, மற்றதற்கு ஃபால்ஸ் வந்தால் அதுதான் காரணம். செல்லின் ஃபார்மேட்டை ‘நம்பர்’ என்று மாற்றினால் மட்டும் உள்ளே இருப்பது மாறிவிடாது. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ திறந்து நேராக ஃபினிஷ் அழுத்துங்கள், எண்ணாகிவிடும்.

ஆனால் 00417 போல முன்னால் சுழியம் வரும் குறியீடுகளை எண்ணாக்காதீர்கள், சுழியங்கள் போய்விடும். நீளமான கணக்கு எண்களும் அப்படியே. எக்செல் எண்களில் 15 இலக்கம் வரைதான் துல்லியம். 16ஆவது இலக்கத்திலிருந்து சுழியமாக்கிவிடும், பிறகு மீட்க முடியாது. கணக்கிடத் தேவையில்லாத எந்த எண்ணையும் இரண்டு பக்கமும் எழுத்தாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ட்ரிம் போட்டும் இடைவெளி போகவில்லை அண்ணா.

பதில்: இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதாக இருக்கும். அங்கிருந்து வருவது 160 என்ற குறியீட்டு எண்ணுள்ள இடைவெளி. தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் (TRIM) நீக்குவது 32ஆம் எண்ணுள்ள சாதாரண இடைவெளியை மட்டும். முதலில், ஒன்றை நீக்கி இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிடியூட் (SUBSTITUTE) மூலம் யூனிகார்(160) (UNICHAR, அதாவது அந்த 160ஆம் இடைவெளி) இருக்கும் இடங்களைச் சாதாரண இடைவெளியாக்கிவிட்டு, அதன் மேல் ட்ரிம் போடுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பெயர்களை வைத்துப் பொருத்தலாமா? பாதிப் பெயர்கள் பொருந்தவே இல்லை.

பதில்: முடிந்தவரை வேண்டாம், ஓர் அடையாள எண்ணை வைத்துப் பொருத்துங்கள். வேறு வழியே இல்லையென்றால் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, எழுத்துரு. ஒரு ஷீட் யூனிகோடிலும் இன்னொன்று பாமினி போன்ற பழைய எழுத்துருவிலும் இருந்தால் ஒரு பெயர்கூடப் பொருந்தாது. பாமினியில் தமிழ் தெரிவது திரையில் மட்டும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் லுக்கப்.

இரண்டாவது, ஔகாரம். ‘கௌரி’, ‘கெளரி’ இரண்டையும் பாருங்கள். முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் ‘ள’ என்ற தனி எழுத்தும். திரையில் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே எத்தனை குறிகள் என்று எண்ணும் லென் (LEN) போட்டால் முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 5 வரும். சௌந்தர், மௌலி, கௌசல்யா என்று இந்தப் பிழை நம் பட்டியல்களில் ஏராளம். பெயர் பொருந்தாதபோதெல்லாம் லென் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்லுக்கப் வந்த பிறகு இன்டெக்ஸ்–மேட்ச் தேவையா?

பதில்: எக்ஸ்லுக்கப் (XLOOKUP), இன்டெக்ஸ்–மேட்ச் (INDEX–MATCH) இரண்டும் விலுக்கப்பின் வேலையையே செய்பவை; எது வேண்டும் என்பது கோப்பை யார் திறப்பார்கள் என்பதைப் பொறுத்தது. எக்ஸ்லுக்கப் மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021, கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆஃபீஸ் 24.8 ஆகியவற்றில் உண்டு. எக்செல் 2016, 2019 பதிப்புகளில் இல்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவரிடம் பழைய பதிப்பு இருந்தாலும் இன்டெக்ஸ்–மேட்ச் பழகிக்கொள்ளுங்கள். விலுக்கப் போல இடமிருந்து வலமாக மட்டும் தேடும் கட்டுப்பாடு இன்டெக்ஸ்–மேட்சில் இல்லை. நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகினாலும் கெடாது. எல்லோரிடமும் புதிய பதிப்பு இருந்தால் எக்ஸ்லுக்கப்தான் என் தேர்வு. நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் அது சரியான பொருத்தத்தைத்தான் தேடும்.

கேள்வி: கீழே இழுத்தால் பாதிக்கு மேல் #என்/ஏ.

பதில்: அட்டவணையின் முகவரியைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்தி டாலர் குறி போடுங்கள். இல்லாவிட்டால் அட்டவணையும் கூடவே கீழே இறங்கும்.

கேள்வி: ஒரே பணியாளருக்கு மாதம் ஒரு வரி இருக்கிறது. முதல் மாதம் மட்டுமே வருகிறது.

பதில்: முதலில் கிடைப்பதோடு நின்றுவிடுவது விலுக்கப்பின் இயல்பு. இரண்டு ஷீட்டிலும் எண்ணையும் மாதத்தையும் ஒட்டி ஒரு துணை நெடுவரிசை செய்து அதை வைத்துத் தேடுங்கள். ஒட்டும்போது நடுவில் ஒரு கோடு போடுவது அவசியம். இல்லாவிட்டால் 11ஆம் பணியாளரின் 2ஆம் மாதமும் 1ஆம் பணியாளரின் 12ஆம் மாதமும் 112 ஆகிவிடும். மொத்தத் தொகைதான் வேண்டுமென்றால் சம்இஃப்ஸ் (SUMIFS), எல்லா வரிகளும் வேண்டுமென்றால் ஃபில்டர் (FILTER).

கேள்வி: #என்/ஏ அசிங்கமாக இருக்கிறது. இஃப்எரர் போட்டு மறைத்துவிடலாமா?

பதில்: #என்/ஏவை மட்டும் பிடிக்கும் இஃப்என்ஏ (IFNA) போடுங்கள். இஃப்எரர் (IFERROR) எல்லாப் பிழைகளையும் மூடிவிடும், ஃபார்முலாவே உடைந்திருந்தாலும் தெரியாது. வெற்றிடம் விடாமல் ‘பட்டியலில் இல்லை’ என்று எழுதுங்கள்.

கேள்வி: கூகுள் ஷீட்ஸில் வேறு கோப்பிலிருந்து எடுக்கும்போது #ரெஃப்! வருகிறது.

பதில்: வேறு கோப்பிலிருந்து விவரம் கொண்டுவரும் இம்போர்ட்ரேஞ்சை (IMPORTRANGE) விலுக்கப்புக்குள் நேரடியாக நுழைத்திருக்கிறீர்கள். அதைத் தனி ஷீட்டில் மட்டும் போடுங்கள். அனுமதி கேட்கும், கொடுங்கள். விவரம் வந்து இறங்கிய பிறகு அந்த ஷீட்டிலிருந்து தேடுங்கள்.

கேள்வி: பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தியது, ஆனால் மொத்த எண்ணிக்கை இடிக்கிறது.

பதில்: பழையதிலிருந்து புதியதைத் தேடியிருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தத் தேடலில் வரவே மாட்டார்கள். புதியதிலிருந்து பழையதையும் ஒருமுறை தேடுங்கள். அப்படியும் இடித்தால், ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று, எத்தனை முறை வருகிறது என எண்ணும் கவுன்ட்இஃப் (COUNTIF) மூலம் பாருங்கள். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களுக்கு மட்டும் கவுன்ட்இஃப்பை நம்ப வேண்டாம். எழுத்தாக வைத்திருந்தாலும் அவற்றை எண்ணாகவே எடுத்துக்கொண்டு, கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டை ஒன்றென்று எண்ணிவிடும். அங்கே சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) ஃபார்முலாவுக்குள் = குறி போட்டு நேரடியாகச் சமன் பாருங்கள்.