காரை இறக்குவதற்கு முன்னால்: சஸ்பென்ஷன் கேள்வி பதில்

கேள்விகளை அனுப்பச் சொன்னது நான்தான். இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று ஊர் ஊராகப் போர்டிகோவில் காரைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் போல. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், டயர், பிரேக் இவற்றுக்கு மட்டும்தான் பதில். சைலன்சர் சத்தம், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) எல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள். முன்கூட்டியே ஒன்று, நடுவிலும் சொல்வேன்: ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகாதீர்கள். ஜாக் தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஆக்சில் ஸ்டாண்ட்.

கோவை, பாக்ஸ்டர்காரர்: அண்ணா, 2008 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் கைமாறி வந்திருக்கிறது. நேர் ரோட்டில் அருமை. வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் நழுவுகிற மாதிரி ஆடுகிறது. காயில்ஓவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டால் சரியாகுமா?

ஆகாது. காசு போகும், ஆட்டம் அப்படியே இருக்கும். பாக்ஸ்டரில் நான்கு மூலையிலும் ஸ்ட்ரட்தான், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக உள்ள தூண். இன்ஜின் நடுவில் இருப்பதால் எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரங்களின் மேல் நிற்கிறது. அந்தச் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அரை டிகிரி மாறினாலே பின்னால் இன்னொருவர் ஸ்டியரிங் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும். பின்பக்க ஆர்மைப் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கை) பிடிக்கும் ரப்பர் புஷ்ஷோ, டோவைப் பிடித்து வைக்கும் டோ லிங்க்கின் ஜாயிண்டோ தேய்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை விடும்போது எடை முன்னால் போகும், ரப்பர் வளையும், சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பும். நீங்கள் சொல்கிற ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதிகம் ஓடாத இந்த மாதிரிக் கார்களில் பட்டன் ஆழமாக இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாகிப் போயிருக்கும். நான்கும் ஒரே பிராண்டா என்பதையும் பாருங்கள்.

அடுத்து காரை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும். பக்கவாட்டில் மட்டும் தட்டல் கேட்டால் டோ லிங்க் பக்கம் போங்கள். ஆர்ம் புஷ்ஷைக் கடப்பாரை மாதிரி ஒரு லிவர் வைத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். ஷாக்கில் எண்ணெய் கசிவு, மேல் மவுண்ட் ரப்பர், இதையும் பார்த்துவிடுங்கள். இவற்றைப் புதிதாகப் போட்டு அலைன்மென்ட் செய்தால் அந்தக் கார் எப்படி ஓட வேண்டுமோ அப்படி ஓடும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் காயில்ஓவர் பற்றிப் பேசுவோம்.

புஷ் மாற்றும்போது ஒரு விஷயம். ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி முறுக்கு முறுக்காதீர்கள். ரப்பர் புஷ் தன் உள் குழாயோடு ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் கார் தரையில் நிற்கும்போதெல்லாம் அது முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே கிழியும். சக்கரத்தில் எடை ஏறி, கார் நிற்கிற உயரத்தில் வைத்து டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். இதைச் செய்யாத பட்டறைகள்தான் அதிகம்.

திருப்பூர், போலோ கார்: காரின் உயரத்தை 40 மி.மீ. இறக்க ஆசை. ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக். வெட்டலாமுங்களா?

வெட்டாதீங்க. வேலை செய்யும் சுற்று ஆறு இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் கூடும். ஆனால் ஷாக் பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது, அதனால் அடக்க முடியாது, கார் குதிக்கும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது நழுவும். சிலர் கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைக்கிறார்கள், அது இன்னும் மோசம். கம்பியின் டெம்பரே போய்விடும்.

சரி, தரமான லோயரிங் ஸ்பிரிங்கே வாங்கினாலும் 40 மி.மீ. அதிகம். முன்பக்கம் ஸ்ட்ரட் இருக்கும் காரில் கீழ் ஆர்ம் ஏறக்குறையத் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். காரை இறக்கினால் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), காரின் எடைமையம் இறங்குவதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடினால் கார் சாயத் துடிப்பதும் கூடும். பார்க்கத் தாழ்வாக இருக்கும், வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுவீர்கள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுக்கும். மேடு வந்தால் பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் அமுங்கும் எல்லையில் இருக்கும் ரப்பர்) முட்டும். வளைவின் நடுவில் முட்டினால் முன்பக்கம் பிடியை விட்டு நேராக ஓடும்.

அப்புறம் நம்ம ஊர் ரோடு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே திரும்பிப் பாருங்கள், ஊருக்கு ஊர் சுவர் மாதிரி ஒன்று நிற்கும். இறக்கியே ஆக வேண்டும் என்றால் 15, மிஞ்சினால் 20 மி.மீ. அதோடு அதற்கேற்ற ஷாக்.

கோபி: பின்பக்கம் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) 20 மி.மீ. இருக்கிறது. 22 போட்டால் 2 மி.மீ.தானே, பெரிதாகத் தெரியுமா?

தெரியும். பாரின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 10 சதவீதம் தடித்தால் 46 சதவீதம் கடினம். முன் சக்கரம் இழுக்கும் காரில் பின் பாரைக் கூட்டினால் கார் வளைவில் நன்றாகத் திரும்பும். எல்லை மீறினால் ஈர ரோட்டில் பின்பக்கம் சுற்றிவிடும். பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடு தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பார் சும்மாவே இருக்கட்டும்.

கரூர்: 50 மி.மீ. இறக்கினால்?

திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பொள்ளாச்சி: வீட்டிலேயே அலைன்மென்ட் பார்க்க முடியுமா? கடைக்குக் கடை வேறு வேறு கணக்கு வருகிறது.

முடியும், பொறுமை வேண்டும். முதல் வேலை தரை. கொத்தனாரிடம் இருக்கும் லெவல் டியூப்பை வாங்கி நான்கு சக்கரமும் நிற்கும் இடத்தைச் சரிபாருங்கள். தாழ்ந்த இடத்தில் தகடு வையுங்கள். டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை வையுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டிரண்டு டைல்ஸ், நடுவில் கிரீஸ் தடவி வைத்தால் சக்கரம் தாராளமாகத் திரும்பும்.

பிறகு காரின் இரண்டு பக்கமும் ஹப் உயரத்தில் நூல் கட்டுங்கள். முன் ஆக்சிலில் இரண்டு ஹப் மையத்திலிருந்தும் நூல் ஒரே தூரம், பின் ஆக்சிலிலும் அப்படியே. முன் பின் அகலம் வேறுபடும் என்பதால் முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்காது, குழம்ப வேண்டாம். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் போதும். இப்போது ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு எவ்வளவு, பின் விளிம்பிலிருந்து எவ்வளவு என்று அளங்கள். 17 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 0.13 டிகிரி. ரிம்மின் முன் விளிம்புக்கும் நூலுக்கும் இடைவெளி அதிகம் என்றால் டோ இன், குறைவு என்றால் டோ அவுட். கேம்பருக்கு (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) 400 மி.மீ. நேர்ச்சட்டத்தை ரிம்மில் செங்குத்தாக வைத்துத் தூக்குக்குண்டு விட்டால் 7 மி.மீ. விலகல் ஒரு டிகிரி. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் காரை முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கிவிட்டு அளங்கள். உருட்டாமல் அளந்தால்தான் கடைக்குக் கடை கணக்கு மாறும்.

கோவை கணபதி, லேத் பட்டறைக்காரர்: ஏனுங்க, புஷ்ஷுக்கு எதுக்கு ரப்பரைக் கட்டிக்கிட்டு அழறீங்க? பம்புசெட்டுக்குப் புஷ் கடையற பட்டறைங்க நம்முளுது. நைலான்ல கடைஞ்சு 0.02 மி.மீ.க்குள்ள உக்கார வெச்சுத் தர்றேன். எங்க தம்பியோட சிவிக்ல எல்லா ஆர்முக்கும் போட்டாச்சு. கத்தி மாதிரித் திரும்புது!

போட்ட புதிதில் அப்படித்தான் திரும்பும். உங்கள் லேத்தில் எனக்குச் சந்தேகமே இல்லைங்க. பொருளில்தான் சந்தேகம். நைலான் 6 ஈரம் குடிக்கும், குடித்தால் ஊதும். 0.02-ல் உட்கார வைத்தது மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும்.

அதே கணபதிக்காரர்: அப்படின்னா டெல்ரின் பிளாஸ்டிக்ல கடையறேன். அது தண்ணி குடிக்காது.

ரொம்பக் குறைவாகக் குடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். பந்தயக் கார்களில் டெல்ரின் போடுகிறார்கள். ஆனால் பம்புசெட் புஷ்ஷுக்கு ஒரே வேலை: தண்டு ஒரே அச்சில் சுற்றும். சிவிக்கின் பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. சக்கரம் மேலே போகும்போது டிரெய்லிங் ஆர்ம் (முன்பின்னாக நீளும் ஆர்ம்) சுற்றுவதோடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் வேண்டும், பக்கவாட்டில் கொஞ்சம் நகரவும் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது ரப்பர்தான். அங்கே கெட்டியான புஷ் வைத்தால் ஆர்ம் நகர முடியாமல் கட்டிக்கொள்ளும். நீங்கள் ‘கத்தி மாதிரி’ என்கிறீர்களே, அதில் பாதி இந்தக் கட்டு. அது எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. நாளாவட்டத்தில் விரிசல் விடுவது புஷ்ஷில் இல்லை, ஆர்மிலோ பாடியில் அது பிடித்திருக்கும் இடத்திலோ.

ஈரோடு, இடையில் புகுந்தவர்: லேத்துக்காரர் சொல்வதும் சரிதானே? கம்பெனி ரப்பர் போடுவது சத்தம் குறையத்தான்.

சத்தம் குறையவும்தான். பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே பீம் இணைக்கும் கார்களில் பீமைப் பிடிக்கும் புஷ்ஷைச் சாய்வாகவும், ஒவ்வொரு திசையில் ஒவ்வொரு கடினத்திலும் செய்வார்கள். வளைவில் பீமே கொஞ்சம் திரும்பிவிடும். அந்தத் திருப்பத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான் இந்த ஏற்பாடு. உருண்டையாகக் கடைந்த பிளாஸ்டிக்கில் இது வராது.

கணபதிக்காரர், மறுபடியும்: அப்ப எங்க லேத்துக்கு வேலையே இல்லைங்கறீங்க.

இருக்குங்க, நிறைய இருக்கு. ஸ்டெபிலைசர் பார் பாடியில் உட்காரும் டி வடிவ புஷ், பார் சுற்றுவதற்கு மட்டும்தான். அதை டெல்ரினில் கடைந்து கிரீஸ் போட்டுக் கொடுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன். வீல் ஸ்பேசர் கடையலாம்: 6061-டி6 அலுமினியம், மையத் துளை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும், ஸ்பேசர் தடிமன் அளவுக்குப் போல்ட்டும் நீளமாக வேண்டும். தம்பி சிவிக்கில் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷை மட்டும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். ஸ்ட்ரட் குழாயில் திரெட் ஸ்லீவ் வெல்டிங் வைத்து ‘லோக்கல் காயில்ஓவர்’ செய்யும் வேலை வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். அந்தக் குழாய் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வளைகிறது. வெல்டிங் ஓரம்தான் முதலில் விடும்.

பீளமேடு, மெக்கானிக்கல் மாணவர்: சார், எங்கள் கல்லூரி ஃபார்முலா காருக்கு 50 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் எடுத்தோம். மோஷன் ரேஷியோ (சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு பங்கு நகர்கிறது) 0.7. அதிகமா?

கணக்கோடு கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான் தம்பி. சக்கரத்தில் தெரியும் கடினம் ஸ்பிரிங் பெருக்கல் ரேஷியோவின் வர்க்கம்: 50 × 0.49 = 24.5 நியூட்டன்/மி.மீ. ஒரு மூலையின் ஸ்பிரிங் மேல் எடை 60 கிலோ என்று வைத்தால் கார் ஸ்பிரிங் மேல் ஆடும் அதிர்வெண் ஏறக்குறைய 3.2 ஹெர்ட்ஸ். இறக்கை இல்லாத பந்தயக் காருக்குச் சற்றுக் கூடுதல், ஆனாலும் ஓட்டலாம். சாதாரணக் கார் 1 முதல் 1.5 வரை, சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் ஏறக்குறைய 1.5 முதல் 2. முன் பின் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். செட்டிப்பாளையம் கரி டிராக்கில் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

சேலம்: ஸ்ட்ரட் பிரேஸ் (இரண்டு ஸ்ட்ரட்டின் மேல் முனையையும் இணைக்கும் கம்பி) போடலாமா?

பானட்டைத் திறந்தால் அழகாக இருக்கும்.

சத்தியமங்கலம்: திம்பம் இறங்கும்போது 27 கொண்டை ஊசியும் முடிவதற்குள் பிரேக் மெத்தென்று ஆகிவிடுகிறது. பெரிய டிஸ்க் போடட்டுமா?

பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? டாட் 4 ஆயில் புதிதில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதிலேயே இறங்குங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், அது விதியும்கூட.

நாமக்கல்: காரை இறக்கினால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா? கொல்லிமலைக்கு 30 மி.மீ. போதுமுங்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. இன்ஷூரன்ஸுக்கும் தெரியப்படுத்துங்கள். இரண்டாவது கேள்விக்கு: திருப்பூர், கரூர், இப்போது நீங்கள். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைக்குப் போகிறவருக்கு ஸ்பிரிங் அமுங்கி விரியும் தூரம்தான் சொத்து, அதைக் குறைக்க ஏன் இத்தனை அவசரம்?

உடுமலை: ஸ்பிரிங் கம்ப்ரசர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஸ்ட்ரட்டை வீட்டில் பிரிக்கலாமா?

ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து நீங்களே கழற்றுங்கள். பிரிப்பதைப் பட்டறை பிரஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும், கம்ப்ரசர் அதைச் சரியாகப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் மவுண்ட் நேராக முகத்துக்கு வரும். வாடகைக் கம்ப்ரசரின் கொக்கி தேய்ந்திருப்பது உங்களுக்குத் தெரியாது. திரும்பப் பூட்டும்போது ஸ்டாண்ட், அப்புறம் தரையில் வைத்து முறுக்கு. சொல்லிவிட்டேன்.

பவானி: ரீமேப் செய்தால் எத்தனை குதிரைசக்தி கூடும்?

முதல் பத்தியைப் படியுங்கள்.