ஏஐ தொழிலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: என் மகள் கும்பகோணத்தில் கணினி அறிவியல் படிக்கிறாள். ஏஐ எல்லா வேலைகளையும் விழுங்கிவிடும் என்று சிலரும், அது வெறும் நீர்க்குமிழி என்று சிலரும் சொல்கிறார்கள். இந்தத் தொழிலை உள்ளபடி புரிந்துகொள்ள நாங்கள் எதைப் படிக்க வேண்டும்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: மேடைப் பேச்சுகளை ஒதுக்கிவிட்டு, யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்பதைப் படியுங்கள் ஐயா. கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று அறிய உங்கள் பகுதி விவசாயிகள் மேட்டூர் நீர்மட்டத்தையும் கல்லணைத் திறப்பையும் விசாரிப்பதைப் போல, இங்கும் மேல்மடையைப் பார்க்க வேண்டும். சாட்ஜிபிடி போன்ற செயலிகள் மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள் முதலிய நிறுவனங்களின் தரவு மையங்களில் இயங்குகின்றன. அங்குள்ள ஏஐ சில்லுகளில் (சிப்) பெரும்பகுதியை வடிவமைப்பது என்விடியா, தயாரித்துத் தருவது தைவானின் டிஎஸ்எம்சி. அதற்கு வேண்டிய, மிக நுண்ணிய மின்சுற்றுகளை ஒளியால் பதிக்கும் இயூவி இயந்திரத்தை உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே செய்கிறது.

அடுத்து, என்விடியாவின் ஆண்டறிக்கையை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் ஏறத்தாழ 2,700 கோடி டாலராக இருந்த அதன் வருவாய், 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் ஏறத்தாழ 13,050 கோடி டாலராக உயர்ந்தது. அதில் சுமார் 11,500 கோடி தரவு மையப் பிரிவிலிருந்து வந்தது. அந்தப் பிரிவின் வருவாயில் பெரும்பங்கைத் தருபவை ஒரு சில பெருநிறுவனங்களே. அவை செலவிடும் தொகையை ஈடுகட்டும் அளவுக்குச் செயலியைப் பயன்படுத்துவோர் பணம் தருவார்களா என்பதுதான் நீர்க்குமிழி பற்றிய விவாதத்தின் மையம். அறிக்கையில் இடர்கள் பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். சட்டப்படி சொல்லியாக வேண்டியவை என்பதால், விளம்பரத்தில் வராத பல செய்திகள் அங்கே இருக்கும்.

உங்கள் மகள் தொழில்நுட்பத்தையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இத்தகைய செயலிகளுக்குள் இயங்கும் மொழி மாதிரிகள் எழுத்தை 'டோக்கன்' என்னும் துண்டுகளாக உடைத்தே வாசிக்கின்றன. இவற்றைத் தம் மென்பொருளில் இணைத்துப் பயன்படுத்துவோர் செலுத்தும் கட்டணமும் பெரும்பாலும் டோக்கன் கணக்கில்தான். ஒரே செய்தியை ஆங்கிலத்திலும் தமிழிலும் கொடுத்து எண்ணிப் பார்த்தால், பல மாதிரிகளில் தமிழுக்கு டோக்கன்கள் அதிகமாகும், ஆகவே செலவும் கூடும். தமிழில் சேவை தொடங்க நினைப்பவர் எதிர்கொள்ளும் உண்மையான தடை இது; நம் மாணவர்கள் உழைக்க வேண்டிய இடமும் இதுவே என்று உறுதியாகக் கருதுகிறேன். பிறகு சம்பாவுக்கு சிஆர் 1009 நெல் ரகத்தை எப்போது விதைப்பது என்பது போல, உங்களுக்கு விடை நன்றாகத் தெரிந்த கேள்விகளை ஏஐ செயலியிடம் தமிழில் கேட்டு, சரியான பதில்களையும் சரளமாகச் சொல்லப்பட்ட தவறுகளையும் தனித்தனியே குறித்துவைக்கச் சொல்லுங்கள். எந்த வேலையை இப்போதே அதனிடம் ஒப்படைக்கலாம், எதற்கு விவரம் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேட்டிலிருந்து அவரே எடைபோட முடியும்.