ஆஃப்-ரோடு வண்டிக்கு எலக்ட்ரானிக் அடாப்டிவ் ஷாக் மாற்றுவது காசுக்குத் தகுமா?

கம்பெனியிலேயே பொருத்தி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சாதாரண ஷாக் அப்சார்பர் உள்ள வண்டியில் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவது என்றால், பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டாத வேலை. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

வண்டி டொயோட்டா ப்ராடோ 150, வாரக்கடைசியில் மணல், மற்ற நாளில் ஆபீஸ் என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். பட்டனைத் தட்டினால் நாலு ஷாக்கும் தரைக்குத் தகுந்த மாதிரி தானே மாறிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஊர் சொல்லவில்லை. ஆனாலும் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா கடைப்பேச்சை எங்கே கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும், எனவே எமிரேட்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். வீட்டில் இன்னும் விலையைச் சொல்லவில்லை என்றும் வைத்துக்கொள்கிறேன்.

நான் ஏசி டக்ட் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவன். சஸ்பென்ஷன் இஞ்சினியர் இல்லை. "அப்புறம் நீ எதுக்குப் பேசறே" என்று கீழே ஒருவர் வரப்போகிறார், அவருக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எலக்ட்ரானிக் ஷாக் நேற்று முளைத்த அதிசயம் என்று யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று வரும். ஏனென்றால் இந்த நாட்டில் நான் வாங்கிய முதல் வண்டியிலேயே அது இருந்தது.

தொண்ணூறுகளில் வந்த இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோ அது. வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு எகிப்துக்காரரிடம் வாங்கினேன். கியர் லீவர் பக்கத்தில் ஒரு சுவிட்ச். எஸ், எம், எச் என்று மூன்று நிலை. சாஃப்ட், மீடியம், ஹார்ட். ஷாக்கின் தலையில் ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும், அது உள்ளே இருக்கும் தண்டைத் திருப்பும், எண்ணெய் போகிற துவாரம் கூடும் குறையும். அவ்வளவுதான் சமாச்சாரம். ரூமுக்கு யார் வந்தாலும் கீழே கூட்டிப்போய் அந்த சுவிட்சைக் காட்டாமல் நான் விட்டதில்லை.

ஒருநாள் மீட்டரில் அந்த விளக்குகள் கண்சிமிட்ட ஆரம்பித்தன. பின்பக்க மோட்டார் ஒன்று இறுகிப்போயிருந்தது. ஒரிஜினல் ஷாக் ஒன்றின் விலையைக் கேட்டதும் எங்கள் கராஜ்காரர் சிரித்தார். பெஷாவர்க்காரர், நாங்கள் கான் பாய் என்போம். "ஏக் கே பைசே மே சார் லகேங்கே, பாய்" என்றார். ஒன்றின் காசில் நாலு மாட்டலாம். சாதாரண கேஸ் ஷாக் நாலு மாட்டினார். ஒயர் காற்றில் தொங்கியதால் விளக்கு நிற்காமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, மீட்டர் கண்ணாடியில் அந்த மூன்று எழுத்தின் மேல் ஒட்டி, கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தார். கதை முடிந்தது. (விற்கும்போது டேப்பை உரித்துக் காட்டித்தான் விற்றேன். அதற்கும் யாராவது வருவீர்கள்.)

அதற்குப் பிறகு மணலில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்தது தார் ரோட்டில்தான். ஷேக் சையத் ரோட்டில் லேன் மாறும்போது வண்டி முன்பைவிடக் கொஞ்சம் சாய்ந்தது, ஸ்பீடு பிரேக்கரில் கொஞ்சம் தூக்கிப் போட்டது. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

ஷாக்கின் வேலை குலுக்கலைச் சூடாக மாற்றுவது. ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை எண்ணெய் வாங்கிக்கொண்டு சூடாகிறது. மணல் மேட்டில் ஏறி இறங்குவது மெதுவான, பெரிய அசைவு. அதில் ஷாக் அவ்வளவாகச் சூடாகாது. ஷாக்கைக் கொல்வது, லாரி போய்ப் போய் அலையலையாக வரிவிழுந்த மண்பாதைதான். சின்னச் சின்ன அசைவு, விடாமல் அரை மணி நேரம். குழாய்க்குள் குழாய் வைத்த ட்வின்-ட்யூப் ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் கலந்து, டீ மாஸ்டர் ஆற்றின டீ மாதிரி நுரைத்துவிடும். வால்வுக்குள் எண்ணெய்க்குப் பதில் நுரை போனால் அப்புறம் என்ன பிடிப்பு இருக்கும்? ஸ்டியரிங் லேசாகும், பின்பக்கம் தானாக நகரும். அந்த நேரத்தில் இறங்கி ஷாக் பாடியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சுர்ரென்று ஆவியாகும்.

எந்த எலக்ட்ரானிக்ஸும் ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெயைக் கூட்டித் தராது. எண்ணெய் கூட வேண்டுமென்றால் பருமனான பாடி, தனி டப்பா வைத்த ரிசர்வாயர், நைட்ரஜனைப் பிஸ்டனால் பிரித்து வைத்த ஒற்றைக் குழாய் மோனோட்யூப் என்று போக வேண்டும். ஷெவர்லே கொலராடோ இசட்ஆர்2 பிக்கப் 2017-ல் வந்தபோது அதில் மல்டிமாட்டிக் கம்பெனியின் டிஎஸ்எஸ்வி ஷாக் இருந்தது. ஒரு ஒயர்கூடக் கிடையாது, எல்லாம் எண்ணெய் போகிற வழியைத் தானே திறந்து மூடும் ஸ்பூல் வால்வு வேலை. ஓட்டியவர்கள் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "ராப்டர் வாங்க வக்கில்லாதவன் பொருமுகிறான்" என்பீர்கள். வக்கில்லைதான், அது வேறு விஷயம். நண்பர் ஒருவரின் ஃபோர்டு எஃப்-150 ராப்டர் பிக்கப்பில், அபுதாபியின் லிவா பாலைவனம் பக்கம் அப்படி ஒரு வரிப்பாதையில் போனேன். அதில் இருப்பது ஃபாக்ஸ் கம்பெனியின் லைவ் வால்வ் என்ற எலக்ட்ரானிக் ஷாக். 2019 மாடலில் வந்து, 2021-ல் ஷாக்கின் பருமனும் 3.1 இஞ்ச் ஆனது. நொடிக்கு 500 முறை வரை மாற்றிக்கொள்ளும் என்று ஃபோர்டு சொல்கிறது. என் கையில் மூடி போடாத காபிக் கோப்பை இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அது தெரிந்து, இறங்குவதற்குள் ஷாக்கை முழுசாக இறுக்கிவிடுமாம். ஒரு மேட்டில் அதையும் செய்து காட்டினார். முதுகில் அடி விழவில்லை. அது நல்ல சாமான். அதை நல்லதில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை.

ஆனால் அங்கே ஷாக்கோடு ஸ்பிரிங், சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கை எல்லாம் சேர்த்தே வடிவமைத்திருக்கிறார்கள்; சென்சார், ஸ்டியரிங் கோணம், பிரேக், த்ராட்டில் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் பேசிக்கொள்கின்றன. அந்த வண்டியின் எடைக்காகவே மாதக்கணக்கில் பாலைவனத்தில் ஓட்டி அளவு பிடித்திருக்கிறார்கள். உங்கள் ப்ராடோவுக்கு வெளியில் கிடைக்கும் கிட் பெரும்பாலும் என் பஜேரோ பரம்பரைதான்: ஷாக்கில் இருக்கும் திருகை மோட்டார் வைத்து உள்ளிருந்தே திருப்புவது. ஜப்பானின் டெய்ன் இதில் பழைய கை. அவர்களின் இடிஎஃப்சி என்ற கன்ட்ரோலரில் வேகத்தையும் ஜி-விசையையும் பார்த்துத் தானாகத் திருப்பும் வகையும் உண்டு. வசதிதான். ஆனால் குனிந்து கையால் திருப்பவேண்டியதை உட்கார்ந்தபடி திருப்புகிறோம். ஒவ்வொரு குழிக்கும் ஷாக் மாறிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று, இதைக் கடையில் சொல்லவே மாட்டார்கள். ஷாக் வண்டியைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்தான் தாங்குகிறது. இரும்பு பம்பர், வின்ச், பின்னால் ஃப்ரிட்ஜ், தண்ணீர் கேன், அது போக மேலே கேரியர் என்று ஏற்றிவிட்டு "பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, அடாப்டிவ் ஷாக் போடலாமா" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் திர்ஹம் ஷாக்குக்குக் கொடுத்தாலும் ஒரு இஞ்ச் எழும்பாது. எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் போட்டால் பாதிப் பேரின் குறை அங்கேயே தீரும்.

இங்கே கடலோரத்தை ஒட்டின சப்காவும் இருக்கிறது. மேலே காய்ந்த உப்புத்தரை, உள்ளே களி. ஒருமுறை இறங்கி ஏறினால் ஒவ்வொரு கனெக்டருக்குள்ளும் உப்பு போய் உட்கார்ந்து பச்சை பூக்கும். சஸ்பென்ஷன் கையோரம் இருக்கும் உயர சென்சாரின் சின்ன மூட்டுக்குள் மணல் போனால் அது தரும் அளவும் கோணல்தான்.

சரி, காசை எங்கே போடுவது? முதலில் டயர். மணலில் காற்றை 12-15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்ட நல்ல டயர் செய்வதைப் பாதி ஷாக்குகள் செய்யாது. ஆனால் அந்த டயரையும் நிம்மதியாக ஓட்ட விடுகிறார்களா என்றால் இல்லை. குளிர்காலம் வந்தால் கேம்ப் போடுகிற கூட்டம் மரப் பேலட்டை உடைத்து எரிக்கிறது. மரம் சாம்பலாகிவிடும், ஆணி ஆகுமா? மறுநாள் காற்று அதன்மேல் மணலைப் போர்த்திவிடும். பெட்ரோல் பங்கிலேயே கரி மூட்டை கிடைக்கும்போது இது எதற்கு? நம் தமிழ் குரூப்பும் இதில் சேர்த்திதான். போன சீசனில் சிக்கன் சுட்ட இடத்தில் ஆணி பொறுக்கலாம் என்று சொன்னதற்கு "அண்ணன் முனிசிபாலிட்டில சேர்ந்துட்டாரு" என்று வாட்ஸப்பில் ஸ்டிக்கர் போட்டார்கள். அதே ஆட்களில் ஒருவருக்கு அடுத்த வாரம் பக்கவாட்டில் குத்தியது. ப்ளக் அடித்துக் கொடுத்ததும் நான்தான்.

டயருக்குப் பிறகு ஸ்பிரிங், அதற்குப் பிறகு கையால் திருகும் வசதியுள்ள, பிரித்து எண்ணெய் மாற்றக்கூடிய மோனோட்யூப். ஓல்ட் மேன் ஈமுவின் பிபி-51 மாதிரி. அதுவும் மலிவில்லை, ஆனால் கெட்டால் எண்ணெயும் சீலும் மாற்றி ஓட்டலாம்.

இதெல்லாம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது, ஒரே வண்டியில் ஆபீஸும் போகவேண்டும், வரிப்பாதையில் வேகமாகவும் போகவேண்டும், காசும் ஒரு பொருட்டில்லை என்றால் அந்தப் பத்தாவது ஆள் நீங்கள்தான், தாராளமாகப் போடுங்கள். அப்போதும் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். ஷாக் ஒழுகினால் இங்கேயே பிரித்துச் சரிசெய்வார்களா, அல்லது புதிது வரவழைக்க வேண்டுமா? மோட்டாரும் கன்ட்ரோலரும் தனித்தனியாகக் கிடைக்குமா? ஓட்டத்தில் ஒயர் அறுந்தால் ஷாக் எந்த நிலையில் போய் நிற்கும், சாஃப்ட்டிலா ஹார்டிலா? மூன்றாவதற்குப் பதில் சொல்லாமல் கேட்டலாக்கைப் புரட்டினார்கள் என்றால், கொடுத்த சுலைமானியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.