ஸ்பானிஷ் இப்போதுதான் கற்கத் தொடங்கியவர்களைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி?

சென்னையில் மாலை வகுப்பில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் கலந்து வருவார்கள். ஆரம்பத்தில் நானும் ‘என் குடும்பம்’ பற்றித்தான் எழுதச் சொன்னேன். பன்னிரண்டு தாள் வந்தது. பன்னிரண்டிலும் அப்பா உயரம், அம்மா ‘சிம்பாத்திகா’, அதாவது இனிமையானவர்.

ஒரு பையன் மட்டும் தாளை நீட்டிவிட்டு நகராமல் நின்றான். “எங்கம்மா அப்படியெல்லாம் இல்ல சார், எப்பப் பாத்தாலும் திட்டுவாங்க. திட்டுறதுக்கு என்ன வார்த்தை?” ‘ரெகான்யார்’ என்றேன். பழையதை அடித்துவிட்டு எழுதினான்: ‘மி மாத்ரே மே ரெகான்யா போர்க்கே நோ கோமோ.’ நான் சாப்பிடுவதில்லை என்று அம்மா திட்டுகிறார். ஏழே சொல். அந்தப் பன்னிரண்டில் நான் சிரித்துக்கொண்டே படித்த தாள் அது ஒன்றுதான்.

அதன்பின் தலைப்பு கொடுப்பதை விட்டுவிட்டேன். வகுப்பு தொடங்கியதும் ஐந்து நிமிடம், கையால், போன் இல்லாமல், இன்று நடந்த ஏதாவது ஒன்று. சொல் தெரியாவிட்டால் தமிழிலேயே போட்டுவிட்டு மேலே போகலாம். ‘மி அபுவேலா ஆசே அதிரசம்’ (பாட்டி அதிரசம் செய்கிறார்) என்று ஒரு பெண் எழுதினாள். அதிரசத்துக்கு ஸ்பானிஷில் எதைத் தேடுவது, அப்படியே இருக்கட்டும். தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும், அவர் கீழே ஒரு கேள்வி எழுத வேண்டும். ‘ஏன் சாப்பிடுவதில்லை?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் பதில் எழுதாமல் இருக்க முடியாது.

மொழிபெயர்ப்புச் செயலி பெரிய தலைவலி. நான்காம் வாரத்திலேயே ‘உபியேரா’ போன்ற, வெகு பின்னால்தான் கற்கும் வினைவடிவம் வந்தால் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். திட்டுவதில்லை, அந்த வரியை வாயால் விளக்கச் சொல்வேன். அடுத்த முறை வராது.

இன்னொன்று, நம் ஆட்கள் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ‘ஐ லைக்’ மனதில் இருப்பதால் ‘யோ குஸ்தோ’ என்று தப்பாக எழுதிவிடுகிறார்கள் (‘யோ’ என்றால் நான்). ‘எனக்கு காபி பிடிக்கும்’ என்று நினைத்தால் ‘மே குஸ்தா எல் கஃபே’ தானாக வந்து விழும். ‘எனக்குத் தலை வலிக்குது’ அப்படியே ‘மே துவேலே லா கபேஸா’. வரிக்கு வரி ‘யோ’ போடுவதும் அதே வியாதி. ‘சாப்பிடுறேன்’ என்றாலே நான்தான் என்று தெரிகிறதல்லவா, ‘கோமோ’வும் அதே கதைதான். ஒரு இடத்தில் மட்டும் தமிழ் கைவிடும்: பிடித்தது பலவாக இருந்தால் ‘குஸ்தான்’ ஆகும், நம் ‘பிடிக்கும்’ மாறாது.

திருத்தம் வாரத்துக்கு ஒரு வகைதான். ‘சோய் அபுரீதா’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். போரடிக்கிறது என்று சொல்ல வந்து, நானே ஒரு போர் என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் ‘சோய்’ (என் இயல்பே இப்படி), ‘எஸ்தோய்’ (இப்போது இப்படி இருக்கிறேன்) மட்டும். மற்ற பிழைகளைக் கண்டுகொள்ளவில்லை.

தேர்வு என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிடுடோ செர்வாந்தேஸ் நடத்தும் டெலே ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்வில் எழுத்துப் பகுதி 25 நிமிடம், இரண்டு சின்னப் பணிகள். தினம் ஐந்து நிமிடம் எழுதியவர்கள் அதற்குப் பயப்படுவதில்லை.

அந்த ஐந்து நிமிடம் நானும் பலகையில் எழுதுவேன். போன மாதம் அவசரத்தில் ‘மே குஸ்தா லோஸ் பெர்ரோஸ்’ என்று எழுதிவிட்டேன். “சார், நாய் ஒண்ணா, நிறையவா?” என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.