பெரிய மீனை அரசன் என்று எழுதலாமா?

கேள்வி: பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் ப்ரூகலின் 'பெரிய மீன்கள் சிறிய மீன்களைத் தின்னும்' என்ற செப்புத்தகட்டு அச்சோவியத்தைப் பற்றிக் கல்லூரிக்காகக் கட்டுரை எழுதுகிறேன். பெரிய மீனை ஒடுக்கும் அரசனாகவும், சிறிய மீன்களைப் போராடும் மக்களாகவும் விளக்கலாமா?

பதில்: அப்படி விளக்கினால் படத்தின் நடுவிலேயே உள்ள செய்தி விடுபட்டுவிடும். அந்தப் பெரிய மீன் ஆட்சி செய்யவில்லை. கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது. ஆளைவிடப் பெரிய கத்தியால் ஒருவன் அதன் வயிற்றைக் கிழிக்க, அது விழுங்கிய மீன்களெல்லாம், தாங்கள் கவ்விய மீன்களை வாயிலிருந்து விடாமலேயே வெளியே சரிகின்றன. ஆகவே அதிகாரத்தை மீனின் பருமனில் தேடுவதைவிட அந்தக் கத்தியில் தேடுவதே பொருத்தம். அதன் அலகில் சிலுவை தாங்கிய உருண்டை பொறிக்கப்பட்டுள்ளது. அது உலகைக் குறிக்கும் சின்னம் என்பதால், வெட்டுவது தனியொரு மன்னனல்ல, உலகின் நடைமுறையே என்று பலர் பொருள் கொள்கிறார்கள். எனக்கும் அதுவே ஏற்புடையது.

'போராட்டம்' என்ற சொல்லை நான் தயங்கியே பயன்படுத்துவேன். இரையாகும் மீனின் வாயிலும் ஓர் இரை இருக்கும்போது, ஒடுக்குபவர், ஒடுக்கப்படுபவர் என்று இரண்டு அணிகளைப் பிரிக்க இந்தப் படம் இடம் தருவதில்லை. மனிதக் கால்களோடு ஒரு மீனைக் கவ்விக்கொண்டு நடந்து போகும் அந்த விசித்திர மீனைக் கட்டுரையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். மீனுக்கும் மனிதனுக்கும் இடையிலான எல்லை அங்கேயே அழிந்துவிடுகிறது.

படத்தையும் அதன் வாசகங்களையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் உள்ள 1556ஆம் ஆண்டு மூல வரைபடத்தில் ப்ரூகலின் கையெழுத்து உண்டு, நீதிமொழி இல்லை. 1557இல் பீட்டர் வான் டெர் ஹெய்டன் அதைச் செப்புத்தகட்டில் செதுக்க, ஆண்ட்வெர்ப் நகரில் ஹீரோனிமஸ் காக் வெளியிட்டபோதுதான், லத்தீன் வரியும், பெரியவை சிறியவற்றைத் தின்னும் என்பதைத் தான் நெடுநாளாக அறிந்திருப்பதாகத் தந்தை மகனிடம் சொல்லும் பிளெமிய (அந்தப் பகுதியில் பேசப்பட்ட டச்சு) வரிகளும் சேர்ந்தன. அந்த அச்சில் படத்தைப் படைத்தவராகக் குறிக்கப்பட்டவரோ 1516இல் இறந்துவிட்ட ஓவியர் ஹீரோனிமஸ் பாஷ்! இளம் ஓவியரின் பெயரைவிடப் புகழ்பெற்ற பெயர் நன்றாக விற்கும் என்பது பதிப்பாளரின் கணக்காக இருக்க வேண்டும்.

படத்தின் முன்பகுதியில் உள்ள படகில் தந்தை மகனுக்குப் பெரிய மீனைக் காட்டுகிறார். மகனோ அதே படகில் ஒரு மீனின் வயிற்றிலிருந்து இன்னொன்றை உருவும் மனிதரைச் சுட்டுகிறான். உங்கள் கட்டுரையை அந்தச் சிறுவனின் விரலிலிருந்து தொடங்கி, கத்தி வழியாகப் பெரிய மீனுக்கு வாருங்கள். மீனுக்கு யார் பெயரையும் சூட்டாமலேயே வாதம் நிற்கும்.